"நான் யார்?" என்ற கேள்விக்குத் துணி எண்ணை எழுதிய பையன்

காப்பாளன் கேட்டது:

வணக்கம். பையன்கள் இல்லம் ஒன்றில் 2 வருடங்களாகக் காப்பாளராக வேலை பார்க்கிறேன். 12 முதல் 17 வயது வரை 22 பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன். வயது 14. ஆறு வயதிலிருந்து இல்லங்களில்தான் வளர்கிறான்; எங்களுடையது அவனுக்கு மூன்றாவது இல்லம்.

அவனால் எந்தத் தொந்தரவும் கிடையாது. காலையில் எழுப்ப வேண்டியதில்லை. சண்டைக்குப் போக மாட்டான். காய்ச்சல் வந்தால்கூட வாய் திறக்க மாட்டான். நெற்றியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்வையிட வரும் அதிகாரிகளிடம் அவனைக் காட்டி, "இவன் எதையும் தாங்குவான்" என்று நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

சென்ற வாரம் பள்ளியில் "நான் யார்?" என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். மற்றவர்கள் எழுதி முடித்து எழுந்து போன பிறகும் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். போய்ப் பார்த்தேன். பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வரி.

"நான் 17."

14 வயதுப் பையன் ஏன் இப்படி எழுதினான் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவன் சட்டைக் காலரின் உட்புறம் சிவப்பு நூலில் தைத்திருக்கும் எண் ஞாபகம் வந்தது. சலவைக்குப் போகும் துணிகள் கலந்துவிடக் கூடாது என்று நாங்கள் கொடுத்த எண் அது. துண்டு, போர்வை, அலமாரிக் கதவு எல்லாவற்றிலும் அதே 17.

கேலிக்காக எழுதவில்லை. "வேறு என்ன எழுதுவது சார்?" என்று கேட்டான். உனக்கு என்ன பிடிக்கும் என்றேன். எல்லாம் பிடிக்கும் என்றான். எதில் நீ கெட்டிக்காரன் என்றேன். யோசித்துவிட்டு, "தெரியவில்லை சார்" என்றான். அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஆலோசகர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். மற்ற நாட்களில் நான்தான் இருக்கிறேன். இவ்வளவு பெரிய இழப்புகளைக் கடந்து அமைதியாக இருக்கிறானே, இதைத்தான் மீள்திறன் என்கிறார்களா? தன்னைப் பற்றிச் சொல்ல ஒரு வரிகூட இல்லாதவனுக்கு மீள்திறன் இருப்பதாக எப்படிச் சொல்வது? எட்டு வருடங்கள் போய்விட்டனவே, இனிமேல் ஏதாவது செய்தால் பலன் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வாரக்கடைசித் தொண்டர் எழுதியது:

சார், கவலைப்படாதீர்கள். இது தன்னம்பிக்கைக் குறைவுதான். நாங்கள் போகும் இல்லங்களில் ஒருநாள் முகாம் நடத்துகிறோம். கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும், நான் சிறப்பானவன்" என்று சத்தமாகச் சொல்ல வைப்போம். கடைசியில் எல்லாருக்கும் ஒரு பதக்கமும் சான்றிதழும். பிள்ளைகள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் வரும். உங்கள் பையனுக்கும் நிச்சயம் உதவும்.

பழைய31 எழுதியது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். என் எண் 31. ஆறு வயதில் இல்லத்துக்கு வந்தேன். 18 முடிந்ததும் வெளியே வந்தேன். இப்போது 41 வயது. சமூகப் பணியாளராக இல்லங்களுக்குத்தான் போய்வருகிறேன்.

அவன் எழுதிய வரியைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள். அவன் நேர்மையாகப் பதில் எழுதியிருக்கிறான். அந்த வீட்டில் அவனுக்கே அவனுக்கு என்று இருப்பது அந்த எண் ஒன்றுதானே? சட்டை சின்னதாகிவிட்டால் அடுத்தவனுக்குப் போகும். கட்டில் மாறும். காப்பாளர் மாறுவார். 17 மட்டும் அவனை விட்டுப் போகாது.

வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய பாதிக் கதை கேட்காமலே வந்து சேர்கிறது. "நீ சுவரைப் பிடிக்காமலே நடக்க ஆரம்பித்தவள்." "இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய்." "அப்படியே உன் அத்தையின் பிடிவாதம்." யாரும் இதைப் பாடமாக நடத்துவதில்லை. துணி மடிக்கும்போதும் விருந்தாளி வந்திருக்கும்போதும் நூறு தடவை சொன்ன பேச்சு. "இதையே எத்தனை தடவை சொல்வாய்?" என்று பிள்ளை அலுத்துக்கொள்ளும். அந்த அலுப்பு எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

12 வருடங்களில் எனக்கு 9 காப்பாளர்கள். நல்லவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் வேலையை விட்டுப் போகும்போது, என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் அவரோடேயே போய்விட்டது. அடுத்து வருகிறவருக்கு நான் மறுபடியும் முதல் நாளிலிருந்து 31.

வெளியே வரும்போது என் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அலுவலக அறையிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் படிக்கலாம் என்றார்கள். பழுப்பு அட்டை, வெள்ளை நாடா. எடை, உயரம், தடுப்பூசி, மதிப்பெண். அதற்குப் பிறகு "சம்பவங்கள்". ஒன்பது வயதில் இன்னொரு பெண்ணின் கையைக் கடித்தது. 11 வயதில் சுவரேறிக் குதித்தது. இரண்டு நாள் சாப்பிட மறுத்தது. ஏன் சுவரேறினேன் என்று ஒரு வார்த்தை இல்லை. என் தங்கையை வேறு இல்லத்துக்கு மாற்றிய வாரம் அது. பக்கங்களைப் புரட்டப் புரட்ட, கடிப்பதும் குதிப்பதும் தவிர வேறெதுவும் செய்யாத ஒரு பெண்தான் தெரிந்தாள். அவளை எனக்கே பிடிக்கவில்லை.

ஓரிடத்தில், எடை எழுதிய தாளின் பின்பக்கம், பென்சிலில் சில வரிகள் இருந்தன. வேறு யாருடைய கையெழுத்திலும் சேராத சாய்வான எழுத்து. "மழை வந்தால் எல்லாரும் உள்ளே ஓடுகிறார்கள். இவள் மட்டும் ஜன்னலைத் திறக்கிறாள். கேட்டால், சத்தம் நன்றாக இருக்கிறது என்கிறாள். வயது 7." யார் எழுதியது என்று கேட்டேன். அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. கோப்பிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது என்றதால், அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்கு முன்பும் மழை வந்தால் ஜன்னலைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். அது நான் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். "எதையும் தாங்குவான்" என்று அவன் காதுபடச் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எதற்குப் பாராட்டுக் கிடைக்கிறதோ அதைத்தானே பிள்ளை மேலும் செய்யும்? என்னையும் அப்படித்தான் புகழ்ந்தார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகப் பல்வலியை 11 நாள் வெளியே சொல்லாமல் இருந்தேன். கன்னம் வீங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சலைச் சொல்லாத பையனைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை எங்கோ ஒரு வருடத்தில் அவனை விட்டுப் போயிருக்கிறது. அவன் அடுத்த முறை "தலை வலிக்கிறது சார்" என்று தானாக வந்து சொன்னால், அன்றைக்குத்தான் நீங்கள் பெருமைப்பட வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அவனுக்கு மட்டும். இல்லத்தின் பதிவேடு வேறு, இது வேறு. நீங்கள் கண்ணால் பார்த்த சின்ன விஷயங்களைத் தேதியோடு எழுதுங்கள். "நல்ல பையன்", "அமைதியானவன்" போன்ற சொற்கள் வேண்டாம். எந்தக் கையால் பல் துலக்குகிறான், எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறான், எதைப் பார்த்தால் நின்றுவிடுகிறான் என்று எழுதுங்கள். பழைய இரண்டு இல்லங்களுக்கும் போன் செய்யுங்கள். கண்காணிப்பாளரோடு நிறுத்தாதீர்கள், அவரிடம் கோப்பில் உள்ளதுதான் இருக்கும். சமையல்காரர், தோட்டக்காரர், வண்டி ஓட்டுநர் என்று நீண்ட நாள் இருந்தவர்களைக் கேளுங்கள். பிள்ளைகள் அவர்களிடம்தான் ஒட்டிக்கொள்வார்கள்.

இதை என் ஆசைக்காகச் சொல்லவில்லை. குடும்பத்துக்கு வெளியே வளரும் குழந்தைகளின் பராமரிப்புக்காக ஐ.நா. பொதுச்சபை 2009-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகளிலேயே இது இருக்கிறது. குழந்தையின் வாழ்க்கையில் ஒவ்வொரு கட்டத்தையும் பற்றிய தகவல், படங்கள், நினைவுப் பொருள்கள் அடங்கிய வாழ்க்கைக் கதைப் புத்தகம் ஒன்றை அந்தக் குழந்தையையும் சேர்த்துக்கொண்டு பராமரிக்க வேண்டும், அது வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. பராமரிப்பு இல்லத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி முயற்சி எடுக்க வேண்டும் என்றும் அதே நெறிகள் சொல்கின்றன. காலர் எண்ணையும் அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

தொண்டர் அவர்களுக்கு: உங்கள் அன்பைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் 40 பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து எல்லாரையும் ஒரே நேரத்தில் "நான் சிறப்பானவன்" என்று சொல்லச் சொன்னால், தன்னிடம் என்ன சிறப்பு என்று அதில் எவனுக்கும் தெரியாது. எனக்கும் அப்படி 6 பதக்கங்கள் கிடைத்தன. ஒன்றில்கூட என் பெயர் இல்லை. முகாமுக்கு வருகிறவர்கள் ஒருவேளை அடுத்த மாதமும் வந்து, "போன தடவை நீ பாதி வரைந்து வைத்திருந்தாயே, அந்தப் படம் என்ன ஆயிற்று?" என்று கேட்டால், அது போதும்.

ஆலோசனை அறை எழுதியது:

நான் வளரிளம் பருவத்தினருக்கு உளவியல் ஆலோசகர். பழைய31 அவர்கள் எழுதியதற்கு மேல் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. காப்பாளர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று மட்டும் சேர்க்கிறேன்.

மீள்திறன் பிள்ளையின் உடம்புக்குள் இருக்கும் உறுதி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளைச் சேர்த்துத் தூக்கிய பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களைச் சுற்றி என்ன இருந்தது என்று பார்த்தபோது திரும்பத் திரும்ப வந்தது, பெற்றோராகவே இருக்க வேண்டிய அவசியமில்லாத, அக்கறையுள்ள ஒரு பெரியவரோடு நிலையான பிணைப்பு. பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். தமக்குப் பிடித்த ஒரு வேலையோ திறமையோ இருந்தது. தம்மை நம்பி யாரோ ஒப்படைத்த பொறுப்பும் இருந்தது. ஆன் மாஸ்டன் என்ற உளவியலாளர் 2001-இல் எழுதிய கட்டுரையில் மீள்திறனைச் சாதாரணங்களின் மாயம் என்ற பொருளில் குறிப்பிட்டார். அரிதான வரம் எதுவும் தேவையில்லை. சாதாரணமாகக் கிடைக்க வேண்டியவை கிடைத்தால் பிள்ளைகள் மீள்கிறார்கள் என்பது அவர் வாதம்.

ஆகவே "இவனுக்கு இருக்கிறதா இல்லையா" என்று பையனைப் பார்த்துக் கேட்காதீர்கள். அவனைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

காலம் கடந்துவிட்டதா என்ற பயம் நியாயமானது. ருமேனியாவில் புகாரெஸ்ட் நகர இல்லங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், சுமார் இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்களே பல விதங்களில் அதிகம் தேறினார்கள். சீக்கிரம் குடும்பம் கிடைப்பது முக்கியம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கவாயில் பதின்ம வயதில் தடுமாறியவர்களில் பெரும்பாலோர் 30, 40 வயதுகளில் நிமிர்ந்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். இல்லங்களில் வளர்ந்த பெண்களை வயது வந்த பிறகு தேடிச்சென்று பார்த்த டேவிட் குவின்டனும் மைக்கேல் ரட்டரும், பள்ளியில் நல்ல அனுபவம் கிடைத்த பெண்கள் வேலையையும் துணையையும் யோசித்துத் திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்ததைக் கண்டார்கள். ஏதோ ஓரிடத்தில் "என்னால் இதைத் தீர்மானிக்க முடியும்" என்று தெரிந்துகொண்ட பிள்ளை அதை வேறிடங்களுக்கும் எடுத்துப்போகிறது.

14 வயதில் நீங்கள் தொடங்குவதில் ஒரு நல்ல பொருத்தமும் இருக்கிறது. தனித்தனிச் சம்பவங்களைக் கோத்து "நான் இப்படி ஆனது இதனால்" என்று கதையாகச் சொல்லும் திறன் இந்தப் பருவத்தில்தான் வளர்கிறது. கோக்கும் கை தயாராகிக்கொண்டிருக்கிறது, மணிகள்தான் இல்லை.

கேள்வித்தாள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சமூகவியலாளர் ரோசன்பர்க் 1965-இல் தந்த தன்மதிப்பு அளவுகோலில் 10 வாக்கியங்கள்தான். எளிது என்பதால் பல இடங்களில் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் செய்வதைப் போல என்னாலும் செய்ய முடிகிறது என்று ஒரு வாக்கியம் வரும். நான் ஒரு பெண்ணிடம் கொடுத்தபோது, "மற்றவர்கள் என்றால் இங்கே இருப்பவர்களா, பள்ளியில் இருப்பவர்களா?" என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு பதில்கள் இருந்தன. கட்டம் ஒன்றுதான் இருந்தது. சூசன் ஹார்ட்டர் என்ற உளவியலாளர் 1988-இல் வளரிளம் பருவத்தினருக்காக வெளியிட்ட அளவுகோல் படிப்பு, விளையாட்டு, தோற்றம், நெருங்கிய நட்பு, நடத்தை என்று தனித்தனியாகக் கேட்கிறது. ஒட்டுமொத்தமாகத் தன்னை எப்படி மதிக்கிறார் என்பதைத் தனியே கேட்கிறது. அது பரவாயில்லை. இருந்தாலும் மதிப்பெண்ணை வைத்து அவனை எடைபோடாதீர்கள். பேச்சைத் தொடங்க மட்டும் பயன்படுத்துங்கள்.

காப்பாளன் எழுதியது:

அக்கா, ஆலோசகர் அவர்களே, இருவருக்கும் நன்றி. நோட்டு வாங்கிவிட்டேன். ஒரு பயம். அவன் இல்லத்துக்கு வந்த காரணம் நல்ல காரணம் இல்லை, கோப்பில் படித்திருக்கிறேன். பழையதைக் கிளறப்போய் அவன் உடைந்துவிட்டால்?

பழைய31 எழுதியது:

அந்த நாளை நீங்களாகத் தொடாதீர்கள் தம்பி. அது ஆலோசகர் கூட இருக்கும்போது, அவன் கேட்கும்போது. நீங்கள் தேடுவது அந்த நாளுக்குப் பக்கத்தில் இருந்த சாதாரண நாட்களை. மோசமான அந்த ஒரு நாள் மட்டும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. மற்ற நாட்களை யாருமே எழுதி வைக்கவில்லை. பிறகு, அவனிடம் எதையாவது சொல்லும்போது எதிரில் உட்கார வைத்துச் சொல்லாதீர்கள். ஏதாவது வேலை செய்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

காப்பாளன் எழுதியது (7 வாரங்கள் கழித்து):

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காலர் எண்களை எடுத்துவிட்டோம். நிர்வாகத்தில் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, துணி கலந்துவிடும் என்றார்கள். ஒவ்வொருவனும் தன் துணிக்குத் தானே ஓர் அடையாளத்தை நூலில் போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டு வாங்கினேன். மீன், நட்சத்திரம், பந்து என்று இரண்டு நாளில் 21 பேர் முடித்துவிட்டார்கள். இவன் மட்டும் 9 நாள் எடுத்தான். நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கோடுகள். என்ன என்று கேட்டதற்குச் சிரித்தான், சொல்லவில்லை.

முதல் இல்லத்துக்குப் போன் செய்தேன். கண்காணிப்பாளருக்கு அவனை ஞாபகம் இல்லை. ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரின் எண்ணைத் தந்தார்கள். பெயரைச் சொன்னதும், "அந்தக் கடிகாரப் பையனா!" என்றார். எட்டு வயதில் எங்கிருந்தோ ஒரு சுவர்க் கடிகாரத்தை எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தானாம். ராத்திரியெல்லாம் டிக் டிக் என்று கேட்டு மற்ற பிள்ளைகள் திட்டுவார்களாம். அவர்தான் ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொள்ளச் சொன்னாராம். அரை மணி நேரம் பேசினார். வைப்பதற்கு முன்னால், பையன் நன்றாக இருக்கிறானா என்று மூன்று தடவை கேட்டார்.

அன்று மாலை அவனும் நானும் போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஒரு முனை. ஓட்டுநர் சொன்னதை அப்படியே சொன்னேன், போர்வையைப் பார்த்துக்கொண்டே. அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த போர்வையை எடுத்தான். மூலையோடு மூலை சேர்க்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தான். ராத்திரி நோட்டில் எழுதி, அவன் அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் எடுத்துப் பார்த்தபோது, "சுவர்க் கடிகாரம்" என்று நான் எழுதியிருந்ததை அடித்திருந்தான். பக்கத்தில் பென்சிலில், எழுத்துகள் அடுத்த பக்கம் வரை பதியும்படி அழுத்தி எழுதியிருந்தான்:

"சுவர்க் கடிகாரம் இல்லை. அலாரம் கடிகாரம். கிடைத்தபோது ஓடவில்லை. நான்தான் ஓட வைத்தேன்."